அழியாத தட்டும் படிக்கவியலாத நூலும்: கணனிக் கோப்புகளின் மீட்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

2002 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே பிரித்தானியப் பத்திரிகையுலகிற் செய்தியொன்று பெரிதும் பேசப்பட்டது. முதலாம் வில்லியம் மன்னனின் ஆணைப்படி 1086 இல் நடத்தப்பட்ட நிலக் கணக்கெடுப்பின் பேறாகத் தோலில் எழுதப்பட்ட ‘டோம்ஸ்டே’ ஏடு ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் வாசிக்கக்கூடியதாயிருக்க, அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை நினைவுகூருமுகமாக 1986 இற் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட கணனி ‘டோம்ஸ்டே’ சுமார் பதினைந்து ஆண்டுகளிலேயே வாசிக்கவியலாததாயிற்று என்பதே அச்செய்தி. அன்று தொட்டு இது ஒரு நீதிக்கதையாகவே சொல்லப்பட்டு வருகின்றது. தோல் நிற்கும், மின் நில்லாது. பழையது உறுதியானது, புதியது நிலையற்றது என்பது அந்நீதி. நூலகவியலாளர் மாநாடுகளிலும் ஆவணக் காப்பகங்களின் அறிக்கைகளிலும் இக்கதை எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்று கணக்கிடுதல் அரிது.

எமது கருத்தில் இக்கதை பாதி உண்மையே. 1986 ஆம் ஆண்டின் தட்டுகள் அழியவில்லை. அவற்றிற் பதிந்திருந்த எழுத்துகளும் படங்களும் பெரும்பாலும் பழுதின்றியே இருந்தன. அழிந்தது அத்தட்டுகளை வாசிக்கும் இயந்திரங்களை உற்பத்தி செய்யும் சந்தை. தட்டின் அழிவையும் சந்தையின் அழிவையும் ஒன்றாக மயங்குவோர், ஒரு சமூக நிகழ்வை இயற்கை நிகழ்வாக மாற்றிக் காட்டும் பழைய தவறினையே செய்கின்றனர். இக்கட்டுரை அம்மயக்கத்தை ஓரளவேனும் தெளிவிக்க முனைகின்றது.

இலக்கிய மாணவர் கணனித் துறையிற் புகுவதேன் என்ற வினா எழலாம். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்காற் பகுதியில் எழுதிய பலருடைய கையெழுத்துப் படிகள் என்று இனி நாம் காணப்போவன காந்தப் பூச்சுடைய வட்டுகளிலேதான் உள்ளன. சல்மான் ருஷ்டியின் ஆவணங்களை 2006 இற் பெற்றுக்கொண்ட ஐக்கிய அமெரிக்காவின் எமரிப் பல்கலைக்கழகம், அவற்றுடன் வந்த அப்பிள் கணனிகளுள் ஒன்றினை வேறொரு கணனியினுள் அப்படியே இயங்கச் செய்து 2010 இல் ஆய்வாளரின் பார்வைக்கு வைத்தது. மூலபாடத் திறனாய்வாளனின் மேசைக்கு இனி ஏடும் காகிதமும் மட்டும் வரப்போவதில்லை. இதனைவிட நெருக்கமான காரணமொன்றும் எமக்குண்டு. அது பின்னர் கூறப்படும்.

2

ஒரு கணனி வேறொரு கணனியாக நடந்துகொள்ளும் முறைக்கு எமுலேற்றர் என்று பெயர். அரிஸ்டோட்டிலின் கவிதையியலைத் தமிழிற் பயின்றோர் ‘போலச்செய்தல்’ என்னுந் தொடரை நன்கறிவர். ஈண்டும் அத்தொடரே பொருந்துமெனினும் ஒரு வேறுபாடு உண்டு. நாடகத்தில் அரசனாக நடிப்பவன் அரசாணை பிறப்பித்தால் எவரும் கீழ்ப்படிவதில்லை. எமுலேற்றரில், நடிக்கும் இயந்திரம் பிறப்பிக்கும் ஆணைகள் யாவும் நிறைவேறுகின்றன. பழைய கணனியின் மையச் செயலி அறிந்த ஒவ்வொரு கட்டளையையும் புதிய கணனியிலுள்ள செய்நிரலொன்று எடுத்து, பொருளுணர்ந்து, அதே விளைவைத் தோற்றுவிக்கின்றது. பழைய செய்நிரலுக்குத் தான் வேறோர் இயந்திரத்தில் இருப்பது தெரியாது.

இம்முறையின் பிறப்பு ஆவணக் காப்பகத்தில் நிகழவில்லை. வணிகப் போட்டியில் நிகழ்ந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959 இல் அறிமுகஞ் செய்த 1401 என்னும் கணனி சிறிய, நடுத்தர வணிக நிறுவனங்களிடையே பெருவெற்றி பெற்றது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு, விலைச்சிட்டை ஆகியவற்றுக்கான செய்நிரல்கள் அக்கணனியின் மொழியிலேயே ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டன. 1963 டிசெம்பரில் ஹனிவெல் நிறுவனம் 200 என்னும் கணனியை அறிவித்தது. 1401 இன் செய்நிரல்களைத் தன் கணனிக்கு மாற்றித் தரும் கருவியொன்றையும் உடன் வழங்கியது. அக்கருவிக்கு அது இட்ட பெயர் ‘லிபரேற்றர்’, அதாவது விடுதலையளிப்போன். (எவரை எவரிடமிருந்து விடுவித்து எவரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வியை விளம்பரங்கள் எழுப்புவதில்லை.) மறு ஆண்டு ஏப்பிரலில் ஐ.பி.எம். தனது 360 வரிசைக் கணனிகளை அறிவித்தபோது, அவை பழைய 1401 உடன் அடிப்படையில் ஒவ்வாதவை. ஆயினும் வரிசையின் சிறிய கணனிகளில் 1401 ஐப் போலச்செய்யும் நுண்கட்டளைத் தொகுதி சேர்க்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் தமது பழைய செய்நிரல்களை ஒரு வரியேனும் மாற்றாது புதிய இயந்திரத்தில் இயக்கலாம். அதனால் அவர்கள் ஹனிவெல்லிடம் போகவேண்டியதில்லை.

இவ்வரலாறு அறிவுறுத்துவது யாது? பழையதைப் புதியதனுள் உயிருடன் வைத்திருத்தல் தொழினுட்பரீதியில் எக்காலத்திலும் இயலாததன்று; 1964 இலேயே அது செய்யப்பட்டது. பழையதை வைத்திருக்க வேண்டும் என்று பணம் கொடுக்கும் வாடிக்கையாளன் இருந்தவரை நிறுவனங்கள் அதனைச் செய்தன. அவன் இல்லாதபோது செய்யவில்லை. இலாபத்துக்காகத் தோன்றிய கருவியை, இலாபமற்றதாகிவிட்ட பொருள்களைக் காப்பதற்காகச் சம்பளமின்றி உழைப்போர் பின்னர் கையேற்றனர் என்பதே எமுலேற்றரின் நாற்பதாண்டுக் கதை.

3

பி.பி.சி.யின் டோம்ஸ்டேத் திட்டத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். முந்தைய டோம்ஸ்டே, நிலத்தை வென்றவன் அந்நிலத்திலிருந்து எவ்வளவு பெறலாம் என்பதை அறிய எழுதுவித்த ஏடு. எவனுக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர்கள், எத்தனை ஆலைகள், எத்தனை பண்ணையடிமைகள் என்பன அதன் உள்ளடக்கம். உழைத்தவர்கள் அதில் எண்ணிக்கையாக வருகின்றனரே அன்றிப் பேசுவதில்லை. 1986 இன் டோம்ஸ்டேயில் அவர்களின் வழித்தோன்றல்கள் பேசினர். நாடு முழுவதும் நாலு கிலோமீற்றர் அகலமும் மூன்று கிலோமீற்றர் உயரமுங் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பற்றி அவ்விடத்துப் பாடசாலை மாணவரும் உள்ளூர் அமைப்பினரும் எழுத அழைக்கப்பட்டனர். இன்னும் ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருவோர் எதனை அறிய விரும்புவர் என்று கருதுகின்றீர்களோ அதனை எழுதுங்கள் என்று அவர்களிடம் கூறப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். 147,819 பக்க எழுத்தும் 23,225 புகைப்படங்களும் சேர்ந்தன. சுரங்கத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தம் 1985 இல் முறியடிக்கப்பட்ட பின்னணியில், தாச்சரின் ஆட்சிக் காலத்தில், சிறுவர்கள் தங்கள் தெருவையும் உணவையும் விளையாட்டையும் பெற்றோரின் தொழிலையும் பற்றி எழுதியவை இவை. வரலாற்றாசிரியனுக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

பணம் பல வழிகளில் வந்தது. செலவு ஏறத்தாழ 25 இலட்சம் பவுண் என்பர். ஏகோர்ன் நிறுவனம் கணனியையும், பிலிப்ஸ் நிறுவனம் தட்டுச் செலுத்தியையும், லொஜிக்கா நிறுவனம் செய்நிரலையும் அளித்தன. ‘சமூகத் தட்டு’, ‘தேசியத் தட்டு’ என இரு லேசர்த் தட்டுகள் வெளிவந்தன. அக்காலத்து நெகிழ்வட்டொன்றிற் சில நூறு கிலோபைற் மட்டுமே அடங்க, இத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 300 மெகாபைற் அளவான தரவும், அதனுடன் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் படச்சட்டங்களும் அடங்கின.

சிக்கல் இவ்வமைப்பிலேயே கருக்கொண்டிருந்தது. எழுத்து எண்ணிம வடிவில், தட்டில் ஒலிக்குரிய தடத்திற் பதியப்பட்டது. படமும் நிலவரைபடமும் சாதாரணத் தொலைக்காட்சி அலைவடிவிற் பதியப்பட்டன. கணனி தயாரிக்கும் எழுத்தையும் தட்டிலிருந்து வரும் படத்தையும் தட்டுச் செலுத்தியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திரையில் இட்டது. ஆகவே செய்நிரல் மட்டும் தனியே பயன்படாது, தட்டு மட்டும் தனியே பயன்படாது, செலுத்தியும் வேண்டும். செய்நிரல் எழுதப்பட்ட பி.சி.பி.எல். மொழி, கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் என்பவரால் அறுபதுகளில் ஆக்கப்பட்டது. ஓரியந்திரத்திலிருந்து இன்னோரியந்திரத்துக்கு எளிதிற் பெயர்க்கத்தக்கதாக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட மொழி அது. ஆயினும் பெயரவில்லை. பிலிப்ஸ் செலுத்தியின் கட்டளைகளோடு பிணைக்கப்பட்டபின், மொழியின் பெயர்வுத் தன்மை எதற்கு உதவும்?

இவ்வமைப்பின் முழு விலை ஏறத்தாழ 5000 பவுணாயிற்று. பெரும்பாலான பாடசாலைகளால் வாங்க முடியவில்லை. எழுதிய சிறுவருட் பலர் தாம் எழுதியதைத் திரையில் ஒருமுறையேனும் பார்க்கவில்லை. இதனை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். இந்நூல் 2002 இல் வாசிக்கவியலாததாகவில்லை. அதனை எழுதியவர்களைப் பொறுத்தவரை அது வெளியான அன்றே வாசிக்கவியலாததாயிருந்தது. கூட்டு உழைப்பின் விளைபொருள் உழைத்தோரிடமிருந்து பிரிந்து, அவர்கள் விலைகொடுத்து வாங்கவியலாத பண்டமாக அவர்கள்முன் நின்றது. பின்னர் எழுந்த புலம்பலில் இவ்விடயம் ஏனோ இடம்பெறவில்லை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் இயந்திரங்களின் தேய்வினை ஆராயுமிடத்து, பயன்பாட்டினால் வருந் தேய்வையும் பயன்படாது கிடப்பதால் வருந் தேய்வையும் கூறி, இவற்றுக்குப் புறம்பான மற்றொரு தேய்வையுஞ் சுட்டுகின்றார். இயந்திரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதனினும் மலிவான அல்லது திறன்மிக்க இயந்திரம் சந்தைக்கு வந்ததும் அதன் மதிப்பு வீழ்கின்றது. ஏகோர்ன் கணனிக்கு நேர்ந்தது இதுவே. அந்நிறுவனம் 1985 இலேயே ஒலிவெற்றி நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குட் சென்றது. நூற்றாண்டின் முடிவிற் சிதறிப் போயிற்று. லேசர்த் தட்டின் இடத்தைக் குறுந்தட்டுகள் பிடித்துக்கொண்டன. எந்தச் செலுத்தியும் கோபங்கொண்டு நின்றுவிடவில்லை. பழுதுபட்டதற்கு மாற்று உறுப்பு கிடைக்காமற் போயிற்று; அவ்வளவே.

மீட்பு முயற்சிகள் பலவாயின. பழைய செய்நிரல்களைப் பேணுவதற்கு எமுலேற்றரே உகந்த வழி என்ற கருத்தினை ஜெஃப் ரொதன்பேர்க் தொண்ணூறுகளில் வலியுறுத்தி வந்தார். அதனை ஏற்காதோரும் இருந்தனர். கோப்புகளைக் காலத்துக்குக் காலம் புதிய வடிவங்களுக்கு மாற்றிக்கொண்டு போவதே போதும் என்பது அவர்களின் நிலைப்பாடு. லீட்ஸ் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்திய கமீலியன் என்னும் ஆய்வுத்திட்டம் டோம்ஸ்டேயை இவ்விவாதத்தின் சோதனைக்களமாக எடுத்துக்கொண்டது. இயங்குநிலையில் எஞ்சியிருந்த செலுத்தியைப் புதிய லினக்ஸ் கணனியுடன் இணைத்துத் தரவினைப் படியெடுத்தனர். படச்சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிமமாக்கினர். பின்னர் பி.பி.சி. கணனியைப் போலச்செய்யும் ‘பீப்எம்’ என்னும் எமுலேற்றரை எடுத்து, அதில் லேசர்த் தட்டுச் செலுத்தியின் நடத்தையையும் சேர்த்தனர். 2002 டிசெம்பரில் டோம்ஸ்டே மீண்டும் திரையிற் தோன்றியது.

இங்கே அவதானிக்கத்தக்கது யாதெனில், பீப்எம் எமுலேற்றரைப் பல்கலைக்கழகம் எழுதவில்லை. ஏகோர்ன் நிறுவனமும் எழுதவில்லை. சிறுவயதில் அக்கணனியிற் பயின்ற ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் எழுதி எல்லோருக்கும் இலவசமாக வழங்கியது அது. 25 இலட்சம் பவுண் பெறுமதியான தேசியத் திட்டத்தை மீட்ட பணியின் அத்திவாரம், கூலி பெறாத உழைப்பாக அமைந்தது. இதனை ‘பொழுதுபோக்கு’ என்று வகைப்படுத்தும் சொல்லாட்சியை நாம் ஐயத்துடன் நோக்கவேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தனவும் இதே பாங்கின. பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்காக மூல ஒளிநாடாக்களிலிருந்து மேலும் துல்லியமான படிகள் எடுக்கப்பட்டன. 2004 இல் ஒரு தனிமனிதர் தம் சொந்த முயற்சியாற் சமூகத் தட்டின் வடிவத்தை ஆராய்ந்து இணையத்தில் இட்டார். 2008 இல் அவர் மறைந்ததும் அதுவும் மறைந்தது. 2011 மே மாதத்தில் பி.பி.சி. தானே சமூகத் தட்டினைப் பொதுமக்களுக்கு மீளத் திறந்தது. 2018 இல் அதனையும் மூடியது. படி மட்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் சேகரத்தில் இருக்கின்றது. தேசியத் தட்டு அவ்வாறு திறக்கப்படவேயில்லை. பதிப்புரிமையாளர் பலராதலின் அனுமதி பெறுதல் பெருஞ்சிக்கலாயிற்று. தொழினுட்பம் திறந்த கதவைச் சொத்துரிமை மூடிவைத்திருக்கும் நிலை இது. அண்மைக் காலத்தில் டோம்ஸ்டே86 என்னும் பெயரில் இயங்கும் ஆர்வலர் குழுவினர், செலுத்தியின் மின்சுற்றுகள் பொருள்கொள்வதற்கு முன்பே லேசர் வாசிக்கும் மூல அலையைப் பதிந்து, பொருள்கொள்ளுதலை முழுவதுஞ் செய்நிரலிடம் விடும் கருவியொன்றை உருவாக்கியுள்ளனர். இது மூலபாடத் திறனாய்வில் ஏட்டை நேரே புகைப்படமெடுத்து வைத்துக்கொண்டு, வாசிப்பை எத்தனை முறையும் திருத்துவதற்கு ஒப்பானது.

பழைய டோம்ஸ்டேக்குத் திரும்புவோம். அது ‘வாசிக்கக்கூடியது’ என்பது எத்துணைப் பொருத்தம்? இலத்தீன் மொழியில், கடுமையான சுருக்கெழுத்துகளுடன் எழுதப்பட்ட அவ்வேட்டைச் சாதாரண ஆங்கிலேயர் எவரும் எடுத்துப் படித்துவிட முடியாது. 1783 இல் ஏப்ரகாம் ஃபார்லி அதனை அச்சேற்றியபோது, கையெழுத்தின் சுருக்கக்குறிகளைப் போலச்செய்யும் தனி அச்செழுத்துகளே வார்க்கப்பட்டன. ஒரு வாசிப்புக் கருவியின் நடத்தையை இன்னொன்றில் நிகழ்த்திக் காட்டும் முயற்சியே அது. ஏடு நின்றது தோலின் உறுதியால் மட்டுமன்று. வரி வசூலிக்கும் அரசொன்று அதனைத் தனக்குத் தேவையான சான்றாகக் கருதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. வாசிக்கத் தெரிந்தவர்களைப் பயிற்றியும் வைத்திருந்தது. ஆளுவோரின் ஏட்டுக்கு இருந்த காப்பாளர்கள் சிறுவரின் ஏட்டுக்கு இருக்கவில்லை.

4

இதுவரை இயந்திரங்களைப் பற்றிக் கூறினோம். இயந்திரம் கிடைத்துவிட்டாலும் கோப்பு கிடைத்துவிடுவதில்லை. அண்டி வார்ஹோல் 1985 இல் அமிகாக் கணனியில் வரைந்த படங்களை, அவருடைய அருங்காட்சியகத்திலிருந்த நெகிழ்வட்டுகளிலிருந்து கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணனிக் கழகத்தினர் 2014 இல் மீட்டனர். வட்டுகளைப் படியெடுத்த பின்னரும், வெளியீட்டுக்கு முந்திய செய்நிரலொன்றால் ஆக்கப்பட்ட அக்கோப்புகளின் வடிவம் எவருக்குந் தெரியாமையால், அதனைத் தாமே பகுத்தறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுத்துக் கோப்புகள் எளியன என்று தோன்றும். அவ்வாறன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1963 இல் அஸ்கி என்னும் பொதுக் குறியீட்டு நியமம் வகுக்கப்பட்டது. மறு ஆண்டே ஐ.பி.எம். தனது 360 வரிசையில் முற்றிலும் வேறான தன் குறியீட்டைப் புகுத்தியது. வரி முடிவைக் குறிக்க யுனிக்ஸ் முறைமை ஒரு குறியையும், பழைய மக்கின்ரொஷ் இன்னொரு குறியையும், டொஸ் முறைமை இரண்டையுஞ் சேர்த்தும் பயன்படுத்தின. 1978 இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார், சொல்லின் இறுதியெழுத்தில் அஸ்கி பயன்படுத்தாது விட்ட எட்டாவது பிற்றை ஏற்றி அடையாளமிட்டது. ஆதலின் அக்கோப்பை வேறொரு செய்நிரலிற் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசியெழுத்தும் விகாரமாகத் தோன்றும். எட்டாவது பிற்றை நீக்கினால் ஆங்கிலம் சரியாகிவிடும். ஆனால், கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தையும் மேற்பாதியில் தமிழையும் வைத்த டிஸ்கி போன்ற குறியீடுகளில் எழுதப்பட்ட கோப்பில் இதே மருந்தைப் பிரயோகித்தால் தமிழ் முழுவதும் பாழாகும். ஒரு பாடத்துக்குப் பொருந்தும் திருத்தம் இன்னொரு பாடத்தைக் கெடுக்கும் என்பதனைப் பதிப்பாசிரியர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

நாம் முன்னர் சுட்டிய காரணத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஏழு நெகிழ்வட்டுகள் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவும் ஆலயப் பிரவேசத்துக்காகவும் நடந்த போராட்டங்களிற் பங்குகொண்ட ஆண், பெண் பலரைச் சந்தித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதிவு செய்த வாய்மொழிச் சாட்சியங்கள் அவற்றில் இருந்தன. ஒலிநாடாக்கள் இடப்பெயர்வின்போது தவறிப் போயின. நூலாக வெளியிடும் நோக்குடன் 1997 இல் அச்சகமொன்றிற் தட்டெழுதிப் பக்கங்களாக அடுக்கியதோடு பணமின்றி முயற்சி நின்றது. ஆசிரியர் இன்றில்லை, சாட்சியங் கூறியவர்களிலும் எவரும் இன்றில்லை.

முதல் வட்டைப் புதிய கணனியில் இட்டபோது அது வாசிக்கப்படவில்லை. வட்டினை வடிவமைக்கலாமா என்ற வினாவே திரையில் வந்தது. அருகிலிருந்தவர் ‘ஆம்’ என்பதை அழுத்த விரலைக் கொண்டுபோனதை நினைக்க இன்றும் நெஞ்சு திடுக்கிடுகின்றது. அதன்பின் வட்டின் மூலையிலுள்ள எழுத்துத்தடைச் சில்லைத் தள்ளிவிடாது எதனையும் செலுத்தியில் இடுவதில்லை என்று விதித்துக்கொண்டோம். பொறியியற்பீட நண்பரொருவர் லினக்ஸ் முறைமையில் டீடீ-ரெஸ்கியூ என்னும் செய்நிரலைக் கொண்டு வட்டுகளை முழுமையாகப் படியெடுத்தார். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்துவைத்து, பின்னர் அவற்றுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் திரும்பும். 1.44 மெகாபைற் வட்டில், ஒவ்வொன்றும் 512 பைற் கொண்ட 2880 கூறுகள் உள்ளன. நான்கு வட்டுகள் முழுமையாக வந்தன. மூன்றாவது வட்டிற் கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் அட்டவணை சிதைந்திருந்தது. நற்பேறாக, டொஸ் முறைமை அவ்வட்டவணையை இரு படிகளாக எழுதிவைப்பது. ஒன்றிலிருந்து ஒன்பதாவது வரையான கூறுகளில் முதற்படி, பத்திலிருந்து பதினெட்டு வரை இரண்டாவது. இரண்டாவது படி பழுதின்றியிருந்தது. அதனைப் படியெடுத்த பிரதியில் முதலாவதன் இடத்தில் வைத்ததும் கோப்புகள் யாவும் தோன்றின.

கோப்புகளைத் திறந்தபோது தமிழ் தோன்றவில்லை. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கணனிக்குத் தமிழன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும். எழுத்துரு நீங்கின் புரியாத ஆங்கிலச் சிதறலாகும். யுனிகோட் நியமத்துக்கு மாற்றும் செய்நிரல்கள் இருக்கின்றனவே எனலாம். மெய்தான், அவை, பாமினியிற் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என அடிக்கப்பட்ட ‘கொ’வை ஒலிவரிசைக்கு மாற்றி அடுக்கவும் செய்யும். ஆனால் சாட்சியங்களில் ஆங்கிலச் சொற்களும் இடையிடையே இருந்தன. வழக்கு எண்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பகுதிகள், சட்டப் பிரிவுகள். எந்த எழுத்து பாமினி, எந்த எழுத்து உண்மையான ஆங்கிலம் என்பது எழுத்தில் இல்லை. எழுத்துரு பற்றிய தகவலில் உள்ளது. அத்தகவலோ பக்க வடிவமைப்புச் செய்நிரலின் தனியுடைமை வடிவத்தினுள் இருந்தது. எனவே அச்செய்நிரலையே இயக்கவேண்டியதாயிற்று; அதற்கு அக்காலத்து இயங்குதளம் வேண்டும்; அதற்கு எமுலேற்றர் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் குறிப்பிடலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி இயங்குதளங்கள் சில, இன்றைய செயலியின் வேகத்தைத் தாங்குவதில்லை. தொடங்கும்போது ஒரு குறித்த சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கின்றது என்று அளந்து, அந்நேரத்தால் வகுக்கும் கணக்கொன்றை அவை செய்கின்றன. செயலி மிக வேகமானதாயின் நேரம் பூச்சியமாகி, வகுத்தல் இயலாமல் எல்லாம் நின்றுவிடும். ஆகவே, புதிய செயலியின் வேகத்தை அப்படியே கடன்வாங்கும் முறையைக் கைவிட்டு, 100 மெகாஹேர்ட்ஸ் வேகச் செயலியாக மெல்ல நடிக்கும் எமுலேற்றரை நண்பர் தெரிந்தெடுத்தார். வட்டுப் படிகளை அதனுள் மெய்யான வட்டுகளைப் போலவே இட்டோம். பக்கங்கள் 1997 இல் இருந்தவாறே திரையில் எழுந்தன. எழுத்துருத் தகவலுடன் அவற்றை வெளியேற்றி, வெற்று வட்டுப் படியொன்றில் எழுதி, அப்படியை லினக்ஸிற் திறந்து மாற்றினோம். அவ்வியங்குதளத்தையோ அச்செய்நிரலையோ இன்று எவரும் விற்பதில்லை. எனினும் அவற்றின் உரிமை எவருக்கோ உரியது. ஐக்கிய அமெரிக்காவில் 2003 இல், வழக்கொழிந்த வடிவங்களில் வெளியான செய்நிரல்களின் பூட்டுகளைப் பேணலுக்காகத் திறக்கக் குறுகியதொரு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. இவ்வாறான விதிவிலக்குகளை அங்குள்ள காப்பகங்கள் அரசிடம் கேட்டுப் பெறலாம். எம்போன்றோர் யாரிடம் கேட்பது என்பது தெளிவில்லை.

ஐந்தாவது வட்டில் 41 கூறுகள் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. அவை ஒரு கோப்பின் நடுவே விழுந்திருந்தமையால் வடிவமைப்புச் செய்நிரல் அக்கோப்பை ஏற்க மறுத்தது. ஆகவே எமுலேற்றரைக் கைவிட்டு, வட்டுப் படியிலிருந்து எழுத்துகளை நேரே உருவியெடுத்தோம். எழுத்துருத் தகவல் இல்லாதபடியால், எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை வரிவரியாக வாசித்தே தீர்மானிக்க நேர்ந்தது. புள்ளியிடப்படாத, எகர ஏகார வேறுபாடு காட்டாத ஓலைச்சுவடிகளைச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் வாசித்த முறையிலிருந்து இது அதிகம் வேறுபட்டதன்று. மூன்று மாதங்கள் சென்றன.

அக்கோப்பில் இருந்தது ஒரு பெண்ணின் சாட்சியம். கோயில் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்தவர்களுள் அவரும் ஒருவர். காலையிலே தாம் வீட்டிலிருந்து புறப்பட்டதையும், பிள்ளையை யாரிடம் விட்டுச் சென்றார் என்பதையும், வீதியில் நின்றவர்களின் பெயர்களையும் ஒன்றும் விடாது சொல்கின்றார். வாசலை அடைந்ததும் முன்னே நின்றவன் என்ன செய்தான் என்று சொல்லத் தொடங்குமிடத்தில் வாக்கியம் முறிகின்றது. மீண்டும் எழுத்துத் தொடங்கும்போது அவர் வைத்தியசாலையில் இருக்கின்றார். வேறு சாட்சியங்களைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பலாம் என்று நண்பரொருவர் கூறினார். அதே வாசலைப் பற்றி மற்றவர்கள் கூறியவை உண்டுதான். நாம் உடன்படவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காதபோது பதிப்பித்தோர் எஞ்சிய எட்டையுமே அச்சிட்டனர். நாமும் வாக்கியம் முறிந்த இடத்திற் புள்ளிகளை இட்டு, எத்தனை பைற்றுகள் குறைகின்றன என்பதை அடிக்குறிப்பிற் சேர்த்துள்ளோம்.

ஏழாவது வட்டின் மேற்பரப்பிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. துடைத்துவிட்டு ஒருமுறை இட்டுப் பார்த்தோம். செலுத்தியின் தலை பூச்சினை உராயும் ஓசை கேட்டதும் வெளியே எடுத்துவிட்டோம். உறையின்மேல் ஆசிரியரின் கையெழுத்தில் நான்கு பெயர்கள் உள்ளன. காந்தப் பாய்வையே நேரடியாகப் பதியும் கருவியொன்றைத் தருவிப்பதற்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்திற் கொடுத்திருக்கின்றோம்.